முன்பின் தெரியாதவரிடம் ஒரு கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிமுகமே இல்லாத இரண்டு பேரை ஒரு மேஜையில் உட்கார வைத்து, அவரவர் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொள்ள வைப்பதுதான் எங்கள் சின்னக் குழுவின் வேலை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கொஞ்சம் அட்டைகள், ஒரு மணல் கடிகாரம். நூலகம், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், கல்லூரி வளாகம் என்று அனுமதி கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறோம். தாங்களும் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் சொந்தக் கதையைச் சொல்லப் போகிறார்கள்?

நிறையப் பேர் சொல்கிறார்கள். வீட்டில் வாயே திறக்காத விஷயத்தைக்கூட. ஜெர்மன் சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: நெருங்கியவர்களிடம் கவனமாக மறைப்பதை, வந்து போகிற அந்நியரிடம் மக்கள் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். வீட்டில் சொன்ன சொல் வீட்டிலேயே தங்கிவிடும். என்றைக்கோ ஒரு சண்டையில் அது திரும்பி வரும். அடுத்த நிலையத்தில் இறங்கிப் போகிறவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அப்படியானால் இது ஏன் தினமும் நடப்பதில்லை? நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களில் சிலரை, பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள். சிலரைப் பேசாமல் தனியாகவே இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, தனியாக இருப்பதே நன்றாக இருக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். எதிரில் இருப்பவருக்குப் பேச விருப்பம் இருக்காது என்ற எண்ணம்தான் இடையில் தடையாக நிற்கிறது. எதிரில் இருப்பவரும் அதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சரி, இதில் வடிவமைப்புக்கு என்ன வேலை?

அந்தத் தடையை எடுப்பதுதான். 'இங்கே பேசலாம்' என்ற அனுமதியை அந்த இடமே தர வேண்டும். யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தேவையில்லை.

ஒரு நல்ல எடுத்துக்காட்டு, 2011-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கேண்டி சாங் என்ற கலைஞர் செய்தது. தனக்கு மிக நெருக்கமான ஒருவரை இழந்த துயரத்தில் இருந்தார். தன் பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வீட்டின் சுவருக்குக் கரும்பலகை வண்ணம் அடித்து, 'நான் சாவதற்குள் செய்ய விரும்புவது...' என்ற பாதி வாக்கியத்தை வரிசை வரிசையாகப் பதித்து, பக்கத்தில் சாக்பீஸ் வைத்தார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சுவர்கள் அதே மாதிரி எழுந்தன.

அந்தச் சுவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வாக்கியத்தின் கடினமான முதல் பாதியை அவரே எழுதிவிட்டார். நிரப்ப வேண்டிய கோடு சின்னது, அதனால் நாலு சொல் போதும். சாக்பீஸ் அழிந்துவிடும், எழுதியது காலத்துக்கும் நிற்குமோ என்ற பயம் வேண்டாம். முன்னால் எழுதியவர்களின் வரிகள் கண்ணெதிரே இருக்கின்றன, எனவே நாம் முதல் ஆள் இல்லை. எழுத மனமில்லாதவர் நின்று படித்துவிட்டுப் போகலாம், அவரை யாரும் கேட்கப் போவதில்லை. யாரையும் கட்டாயப்படுத்தாமல், விற்பதற்கு எதுவும் இல்லாமல், மனிதர்களை ஒருவருக்கொருவர் நெருங்க வைக்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிவுகளைத்தான் சமூக நோக்குள்ள வடிவமைப்பு என்று நான் சொல்கிறேன்.

நாற்காலிகளை எப்படிப் போடுவது?

நேருக்கு நேர் வேண்டாம், அது நேர்காணல் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்திலும் வேண்டாம், முகம் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மேஜையின் ஒரு மூலையில், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பார்க்க நினைத்தால் பார்க்கலாம், கண்ணைத் திருப்பிக்கொள்ள நினைத்தால் அது முகம் திருப்பியதாகாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1950-களில் கனடாவின் சஸ்கட்சுவான் மாகாணத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மருத்துவரும் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளரும் இதை ஆராய்ந்தார்கள். முதிய நோயாளிகளின் கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. எல்லோரும் நாள் முழுக்க ஒன்றாகவே உட்கார்ந்திருந்தார்கள், பேச்சுதான் இல்லை. நாற்காலிகளைச் சின்ன மேஜைகளைச் சுற்றிப் போட்ட பிறகு சில வாரங்களில் பேச்சு நன்றாகக் கூடியது. மூலையை ஒட்டி உட்கார்ந்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தவர்களைவிட அதிகம் பேசினார்கள் என்பதும் சோமர் கவனித்ததுதான்.

எங்கள் அனுபவத்தில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்பவரின் கண்ணுக்கு வாசல் தெரிய வேண்டும். வாசலுக்கு முதுகு காட்டி உட்காருகிறவர்கள் பாதிக் கதையில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுந்து போக வழி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் நிம்மதியாக உட்காருகிறார்.

என்ன கேள்வி கேட்பது?

எங்கள் முதல் அட்டையில் 'உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய இழப்பு எது?' என்று இருந்தது. அட்டையை எடுத்த பலரும் புன்னகைத்து, திருப்பி வைத்துவிட்டார்கள். 'மிகப் பெரிய' என்ற இரண்டு சொற்கள் செய்த வேலை அது. வாழ்க்கை முழுவதையும் நிறுத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, அதையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும் என்றால் யாருக்குத்தான் வாய் வரும்?

அப்புறம் கேள்வியை மாற்றினோம்: 'பயன் இல்லாவிட்டாலும் நீங்கள் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் ஒரு பொருள் எது?' அன்றைக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் யோசிக்கவே இல்லை. "டேப்" என்றார். அவருடைய அப்பா தையல்காரர். அளவு நாடாவின் முனை தேய்ந்து நைந்து போனதால் முதல் இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு எதை அளந்தாலும் இரண்டைக் கழித்துத்தான் சொல்வாராம். "இப்ப நானும் வீட்ல எதையாவது அளந்தா, புது டேப்ல அளந்தாலும், கை தானா ரெண்டைக் கழிக்குது" என்றார். அதன் பிறகு அப்பாவின் கடைசி வருடத்தைப் பற்றிப் பேசினார். இழப்பைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை. அவரேதான் அங்கே போய்ச் சேர்ந்தார், தன் வேகத்தில். (நாடா வரைக்கும் எழுத அவர் சம்மதித்திருக்கிறார். கடைசி வருடம் அவருடையது.)

பொருள் ஒரு நல்ல வாசல். முறிந்த உறவுகளுக்காகவே ஓர் அருங்காட்சியகம் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் இருக்கிறது. ஒலிங்கா விஷ்டிட்சா, த்ராஜென் க்ரூபிஷிச் என்ற இருவர் தங்கள் காதல் முறிந்தபோது மிஞ்சிய பொருட்களை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தது அது. 2006-இல் கண்காட்சியாகத் தொடங்கி, 2010-இல் நிரந்தர இடம் பெற்றது. யார் யாரோ அனுப்பிய பொருட்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்பு. அங்கே ஒரு கோடாரிகூட இருக்கிறது, பிரிந்து போனவரின் மேஜை நாற்காலிகளை வெட்டித் தள்ளிய கோடாரி.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவர் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட 36 கேள்விகளைப் பலர் காதல் வரவழைக்கும் மந்திரம் போலப் பேசுகிறார்கள். அவர்கள் செய்தது வேறு. முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே 45 நிமிடத்தில் நெருக்கத்தை உருவாக்க முடியுமா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். மூன்று தொகுதிகள், மேலோட்டமானதிலிருந்து ஆழமானதை நோக்கி, படிப்படியாக. இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அந்த 36-ஐப் பயன்படுத்துவதில்லை, அதன் படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் மேஜையில் மூன்றே அட்டை. எந்த அட்டையையும் காரணம் சொல்லாமல் தள்ளி வைக்கலாம்.

கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நாங்கள் முதல் சில மாதங்கள் முழுக்கச் சொல்பவரைப் பற்றியே யோசித்தோம். எப்படிப் பேச வைப்பது, எப்படிக் கூச்சத்தைப் போக்குவது என்று. ஒரு நாள் மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு இளம்பெண், அம்மாவைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்ட கதையைத் தொடங்கினார். நாலைந்து வாக்கியம் வந்திருக்கும். எதிரில் இருந்தவர் "எனக்கும் அப்படித்தான்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கதை தொடங்கிவிட்டது. அந்தப் பெண் மணல் முழுக்க இறங்கும் வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

நம் மொழியில் 'காது கொடுத்துக் கேட்பது' என்கிறோம். கொடுக்கிறவர் கேட்பவர். அப்படியானால் வடிவமைப்பின் உதவி முதலில் தேவைப்படுவது அவருக்குத்தான். சொல்பவருக்குத் தன் கதை தெரியும், அது வரும். கேட்பவருக்குத்தான் கையை எங்கே வைப்பது, எப்போது பேசுவது என்று எதுவும் தெரியாது. அந்தத் தவிப்பில்தான் அறிவுரை வருகிறது, 'எனக்கும் அப்படித்தான்' வருகிறது.

அதனால் சில மாற்றங்கள் செய்தோம். மணல் கடிகாரம் இப்போது சொல்பவரின் கைக்குப் போய்விட்டது. அவர் திருப்பி வைத்தால்தான் முறை மாறும். கேட்பவருக்கு ஓர் அட்டை தருகிறோம். அதில் இரண்டே கேள்விகள்: 'அப்புறம் என்ன ஆச்சு?', 'அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?' தடுமாறும்போது அந்த அட்டையைப் பார்த்து அதில் ஒன்றைக் கேட்டால் போதும். அட்டையின் பின்புறத்தில், 'சும்மா இருப்பதும் உதவிதான்' என்று அச்சிட்டிருக்கிறோம். நிறையப் பேர் அதைப் படித்துத் தோளைத் தளர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற சுமை இறங்குகிறது.

அறிவுரை சொல்லவே கூடாதா என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால், இவர் கதை அங்கேயே நின்றுவிடும்.

பெயர் கேட்கலாமா?

நாங்கள் கேட்பதில்லை. ஃப்ராங்க் வாரன் என்பவர் 2004-இல் வாஷிங்டன் நகரில் தன் முகவரி எழுதிய 3,000 வெற்று அஞ்சலட்டைகளை வழிப்போக்கர்களிடம் கொடுத்து, யாரிடமும் சொல்லாத ஒரு ரகசியத்தைப் பெயர் போடாமல் எழுதி அனுப்பச் சொன்னார். கொடுத்த அட்டைகள் தீர்ந்த பிறகும் மக்கள் தாங்களே அட்டை செய்து அனுப்பத் தொடங்கினார்கள். பெயர் இல்லாததால் கிடைத்த சுதந்திரம் அது. நேரில் உட்கார்ந்து பேசும்போது முகம் தெரிந்துவிடுகிறது, பெயராவது அவரிடமே இருக்கட்டும். அவராகச் சொன்னால் சரி.

கதை பொய்யாக இருந்தால்?

இருக்கட்டும். நாங்கள் சரிபார்ப்பதில்லை. தன் கதையைத் தன் கதை என்று சொல்லத் துணியாமல் நண்பருக்கு நடந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் அந்த நாற்காலிதான்.

கருத்தால் முரண்பட்ட இருவரை உட்கார வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் விவாதத்துக்கு வைக்கக் கூடாது. 2000-இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் இசை விழாவில் தொடங்கிய மனித நூலகத்தில், சமூகம் ஒதுக்கிப் பார்க்கும் மனிதர்கள் 'புத்தகங்களாக' உட்கார்ந்தார்கள். வாசகர் ஒருவரை இரவல் பெற்று, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்லாமல் இருக்கப் புத்தகத்துக்கும் உரிமை உண்டு. இந்த யோசனை பிறகு பல நாடுகளுக்குப் போனது.

இன்னொன்று ஸ்டோரிகார்ப்ஸ், சாதாரண மனிதர்களின் உரையாடல்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பு. டேவ் ஐசே 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையுடன் இதைத் தொடங்கினார். ஒருவரையொருவர் தெரிந்த இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசுவார்கள். 2018-இல் அதே அமைப்பு, அரசியல் கருத்து வேறுபட்ட, அறிமுகமில்லாத இருவரைப் பேச வைக்கும் திட்டத்தையும் ஆரம்பித்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம்: பேச்சு தொடங்கும் முன் ஒருவர் தன்னைப் பற்றி எழுதியதை மற்றவர் வாய்விட்டுப் படிக்கிறார். எதிராளி என்று நினைத்தவரின் வாழ்க்கை உங்கள் குரலில் வெளியே வருகிறது. இதைப் படித்த அன்றே எங்கள் மேஜையிலும் ஒரு மாற்றம் செய்தோம். கேள்வி அட்டையைச் சொல்பவர் படிப்பதில்லை, கேட்பவர்தான் படித்துக் கேட்கிறார்.

அழுதுவிட்டால் என்ன செய்வது?

அழட்டும். டிஷ்யூ பெட்டியை இருவருக்கும் எட்டும் இடத்தில் முதலிலேயே வையுங்கள், அழ ஆரம்பித்ததும் எடுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் 'கண்ணைத் துடைத்துக்கொள்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். தண்ணீர் இருக்கட்டும். முதுகில் தட்டுவது, கையைப் பிடிப்பது எல்லாம் கேட்காமல் வேண்டாம்.

அதைவிடத் தீவிரமான விஷயம் வந்தால்? நாங்கள் மருத்துவர்கள் இல்லையே.

நாங்களும் இல்லை. அதை முதல் அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டில் நடக்கும் வன்முறை போன்றவை வெளிவந்தால் பொறுப்பு ஒருங்கிணைப்பாளருடையது, எதிரில் உட்கார்ந்தவருடையது இல்லை. உங்கள் பகுதியில் உடனடியாக உதவக்கூடிய தொலைபேசி எண்களை அன்று காலை அழைத்துப் பார்த்து, வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவது கொடுமை.

சாதாரண மனிதர்களால் எதுவும் முடியாது என்றும் நினைக்க வேண்டாம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வந்தவர்களுக்கு அது உண்மையாகவே உதவியதை 2016-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் பாட்டிமார்களுக்கு முறையான பயிற்சி இருந்தது, பின்னால் மருத்துவர்கள் இருந்தார்கள். பெஞ்சை மட்டும் நகலெடுத்தால் போதாது.

பேசுவது நல்லதா, எழுதுவது நல்லதா?

எழுத்தில் கை தயங்கும்போது யாரும் பார்ப்பதில்லை என்ற வசதி உண்டு. அதனால் மேஜையோரம் பேனாவும் தாளும் எப்போதும் வைத்திருக்கிறோம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களை உலுக்கிய நிகழ்வைப் பற்றி மாணவர்கள் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை சோர்ந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. மேஜையிலிருந்து எழுந்து போகிறவரின் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் கலந்துகொள்ளலாமா?

முன்பின் தெரியாத பெரியவரோடு தனியாக, கூடாது. இதில் நாங்கள் விலக்கு வைப்பதில்லை.

கதைகளைப் பதிவு செய்யலாமா?

பதிவுக் கருவியை மேஜையில் வைத்தாலே கதை மாறிவிடும், அதனால் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். பாதுகாத்தே ஆக வேண்டும் என்றால் சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள், தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை. என்ன சொல்லப் போகிறோம் என்றே தெரியாமல் முதலில் போட்ட கையெழுத்தை மட்டும் நம்புவது நியாயமில்லை. ஒரு வாரம் கழித்துக்கூட 'அழித்துவிடுங்கள்' என்று சொல்ல ஒரு வழி கொடுங்கள். சொன்னால் ஏன் என்று கேட்காமல் அழியுங்கள். கதையில் வரும் மற்றவர்களையும் நினையுங்கள். அந்த அண்ணனோ முன்னாள் கணவரோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

நன்றாக நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு முறை எங்களுக்குப் பண உதவி செய்ய வந்த ஒரு நிறுவனம், மாதம் இத்தனை கதைகள் வேண்டும் என்று எண்ணிக்கை கேட்டது. ஒப்புக்கொண்டோம். இரண்டே வாரத்தில் எங்கள் தன்னார்வலர்கள் மணல் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். தயங்கி நின்றவரை 'வாங்க வாங்க' என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். பணத்தை விட்டுவிட்டோம். கஷ்டமாக இருந்தது, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இப்போது நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. அட்டையைத் தள்ளி வைத்தவர்கள் எத்தனை பேர்? யாருமே தள்ளவில்லை என்றால் மறுக்க இடம் தரவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, கதை சொன்னவர் திரும்பி வந்து கேட்பவராக உட்காருகிறாரா? அது நடக்கும் நாளில் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

யாருமே வரவில்லை என்றால்?

நீங்களே உட்காருங்கள். குழுவில் இருவர் உண்மையாகவே பேசத் தொடங்குங்கள், நடிக்க வேண்டாம். காலி மேஜையை விட, இரண்டு பேர் ஆழ்ந்து பேசிக்கொண்டிருக்கும் மேஜை மற்றவர்களை நிற்க வைக்கும்.

எப்படி முடிப்பது?

நாங்கள் நெடுநாள் கவனிக்காமல் விட்டது இது. மணல் இறங்கியதும் கதை சட்டென்று நிற்கும், இருவரும் எழுவார்கள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரே வாசலில் இடித்துக்கொள்வார்கள். மனதில் உள்ளதை எல்லாம் சொன்ன ஒருவரோடு லிஃப்டில் பேசாமல் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று ஒரு பெண் எங்களிடம் சொன்னார்.

இப்போது கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒரு தனி அட்டை இருக்கிறது: 'இங்கிருந்து எங்கே போகிறீர்கள்?' இருவரும் பதில் சொல்கிறார்கள். பஸ் பிடிக்க வேண்டும், பையனைக் கூப்பிடப் போக வேண்டும், சும்மா கொஞ்சம் நடக்க வேண்டும். பேச்சு மெல்ல அன்றாடத்துக்கு இறங்குகிறது. அப்புறம் சொன்னவர் முதலில் கிளம்புகிறார். கேட்டவர் மேஜையிலேயே இருந்து அட்டைகளை அடுக்கி வைக்கிறார், அடுத்து வருகிறவர்களுக்காக.